பயந்தாங்கொள்ளி அப்பாவுவும் நான் அடைத்த வால்வும்

என் வீட்டுக்காரர் பெயர் அப்பாவு. திருப்பதியில் முப்பது வருஷமாக பிளம்பர். குழாய், மேல்தொட்டி, மோட்டார், கீசர் எல்லாமே அவர் கைக்கு அடங்கும். ஆனால் ஊரில் அவருக்கு வைத்த பெயர் 'பயந்தாங்கொள்ளி பிளம்பர்'. நானும் அவரை என்னென்னவோ சொல்லித் திட்டியிருக்கிறேன். அதையெல்லாம் நாலு பேர் நடுவில் சொல்ல முடியாது.

சொந்த ஊர் விஜயபுரம் பக்கம். வேர்க்கடலை போட்டுப் பிழைத்த குடும்பம். இருபது வயதில் திருப்பதிக்கு பஸ் ஏறி வந்து, குழாய் புதைக்கப் பள்ளம் தோண்டும் வேலையில் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்ட மனுஷன். மண்வெட்டி பிடித்த வரைக்கும் தைரியமாகத்தான் இருந்தாராம். ஸ்பேனரைப் பிடித்த பிறகுதான் பயம் அவரைப் பிடித்துக்கொண்டது.

அதற்குக் காரணம் இருந்தது. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் ஒரு வீட்டுச் சமையலறையில் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். பக்கத்துக் குளியலறையில் இருந்த பழைய கீசர் வெடித்தது. கதவு பெயர்ந்து எதிர்ச் சுவரில் போய் விழுந்து கிடந்ததாம். அந்த வீட்டு அம்மா அப்போதுதான் தலை துவட்ட வெளியே வந்திருக்கிறார். ஒரு நிமிஷம் தாமதித்திருந்தால் போய்ச் சேர்ந்திருப்பார். இவர் அந்தக் கீசரைத் தொடக்கூட இல்லை. ஆனாலும் அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை.

"அரை மணி நேரமா உள்ள கடகடன்னு சத்தம் கேட்டுக்கினே இருந்துச்சு ஜெயா. நான் இன்னான்னு எட்டிக்கூடப் பாக்கல" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

அன்றிலிருந்து எந்த வீட்டுக்கு எந்த வேலைக்குப் போனாலும் முதலில் கீசரில் காதை வைத்துக் கேட்பார். கூப்பிட்டது சமையலறைக் குழாய்க்காக இருக்கும், இவர் குளியலறையில் நின்றுகொண்டிருப்பார். பிறகு அந்த வீட்டுப் பொம்பளையைக் கூப்பிட்டு, வீட்டுக்கு வரும் தண்ணீரையே நிறுத்துகிற மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று காட்டி, அவர் கையாலேயே மூடித் திறக்கச் சொல்வார். "மாசத்துக்கு ஒரு தபா இப்படித் திருகி வுடுங்கம்மா. இல்லைன்னா இறுகிப் போயிடும். பைப்பு உடைஞ்சு வீடெல்லாம் தண்ணி ஓடறப்ப என்னைத் தேடிக்கினு இருக்கக் கூடாது, நீங்களே மூடணும்." குழாயில் தண்ணீர் வரவில்லை என்று திறந்து பார்த்துவிட்டு, மூடாமல் அப்படியே திருமலைக்குக் கிளம்பிப் போகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "தண்ணி உங்களைக் கேட்டுக்கினா வருது?" என்பார். தொட்டியின் மிதவை, வாஷ்பேசினுக்குக் கீழே வளைந்து போகிற கனெக்‌ஷன் பைப், தலைமுடி போய் அடைக்கிற வடிகால், இவருக்கு எல்லாமே பயம்தான். ஒரு கல்யாணப் பந்தியில் இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது எழுந்து போய், மண்டபத்துக் கை கழுவும் இடத்தில் ஒழுகிய குழாயை இறுக்கிவிட்டு வந்த ஆள். திரும்பி வருவதற்குள் இலையை எடுத்துவிட்டார்கள். எனக்கு மானமே போய்விட்டது.

அதைவிடக் கூத்து, எங்கள் ஒரே மகள் ஹரிப்ரியாவுக்குச் சம்பந்தம் பேசச் சித்தூருக்குப் போன அன்று நடந்தது. மாப்பிள்ளையின் அம்மா துர்காதேவி காபி கொண்டுவந்து வைக்கிறார், இவரைக் காணோம். வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்துகொண்டு வால்வைத் திருகிக்கொண்டிருக்கிறார்.

"துருப் புடிச்சுப் போச்சுங்கம்மா இது. அப்புறம் உங்க கீசரும் ரொம்பப் பழசு. மாத்திடலாமா?"

"ஏமிட்ரா இதி, என்னடா இது" என்று துர்காதேவி மகனைத் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை யஸ்வந்த் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் பையன் தங்கமானவன் என்று நான் முடிவு செய்தேன். கீசரை மாற்ற அந்த அம்மா ஒத்துக்கொள்ளவில்லை, நல்லாத்தானே இருக்கு என்றார். இவர் விடாமல், கல்யாணம் முடிந்த கையோடு அதற்குப் புதிதாக ஒரு சேஃப்டி வால்வாவது மாட்டிவிட்டுத்தான் வந்தார்.

சேஃப்டி வால்வு என்பது கீசருக்குக் கீழே இருக்கும் சின்ன பித்தளைச் சாமான். உள்ளே தண்ணீர் சூடேறி அழுத்தம் கூடும்போது, கூடுதல் தண்ணீரை அது சொட்டுச் சொட்டாக வெளியே விடும். அதனால் கீசர் ஓடும்போது அது சொட்டினால் ரிப்பேர் என்று அர்த்தமில்லை. இதையெல்லாம் இன்றைக்கு எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்குத் தெரியாது. முப்பது வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தியும் அவர் பேச்சைக் காதில் வாங்கினவள் இல்லை நான்.

ஹரிப்ரியாவுக்கு எங்கள் வீட்டில்தான் பிரசவம். பெண் குழந்தை. மூன்றாம் மாதம், வரலட்சுமி விரதத்துக்குக் குழந்தை அங்கே இருக்க வேண்டும் என்று துர்காதேவி கேட்டதால், புதன்கிழமை நானே இருவரையும் கூட்டிக்கொண்டு போய் சித்தூரில் விட்டேன். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டிலும் விரதம் இருந்ததால், வியாழக்கிழமை காலை ரயிலுக்குத் திரும்புவதாக ஏற்பாடு.

புதன்கிழமை சாயங்காலம் குழந்தைக்கு வெந்நீர் வேண்டுமென்று கீசரைப் போட்டார்கள். குளியலறையில் சொட் சொட்டென்று ஒரே சத்தம். துர்காதேவி முகத்தைச் சுளித்தார்.

"நாளன்னிக்கு லட்சுமியை வீட்டுக்குள்ள அழைக்கணும். இங்க பாத்தா சொட்டிக்கினே போறா. வீட்ல தண்ணி சொட்டினா காசு நிக்காதுன்னு சொல்லுவாங்க. பிளம்பர் வீட்ல பொண்ணு எடுத்தும் எனக்கு இந்தக் கதி பாரு வதினா."

என்னை அவர் வதினா, அதாவது அண்ணி என்றுதான் கூப்பிடுவார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எனக்குச் சுருக்கென்று குத்திவிட்டது. எங்கள் பக்கத்திலும் அந்தப் பேச்சு உண்டு. ஒழுகுகிற குழாயை வைத்துக்கொண்டு விளக்கேற்றக் கூடாது என்பார்கள்.

மறுநாள் காலை மாப்பிள்ளை வேலைக்குப் போய்விட்டார். மாங்கூழ் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், உள்ளே போனால் போனை வெளியே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். துர்காதேவி பூஜைச் சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார். பிரியா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டாள். வீட்டில் விழித்திருந்தது நான் ஒருத்திதான். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட வெந்நீர் வேண்டுமே என்று காலையிலேயே கீசரைப் போட்டிருந்தேன். அது இப்போது சொட்டவில்லை, நூல் மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது.

இவர் போன தடவை வேலை செய்தபோது மிச்சமான சாமான்கள் ஒரு டப்பாவில் இருந்தன. அதில் ஒரு எண்ட் பிளக், அதாவது குழாயின் வாயை அடைக்கிற திருகு மூடி, இருந்தது. வெள்ளை டேப்பும் இருந்தது, ஸ்பேனரும் இருந்தது. டேப்பைச் சுற்றித் திருகுகிற வேலையை ஆயிரம் தடவை பார்த்தவள்தானே நான்? சேஃப்டி வால்வின் வாயில் மூடியை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். ஒழுகல் சட்டென்று நின்றது. எனக்கு எவ்வளவு பெருமை! ஆழம் தெரியாமல் காலை விட்டேன் என்று அப்போது எனக்கு யார் சொல்வார்கள்? திருப்பதிக்குப் போய்ச் சேர்ந்ததும் சம்பந்திக்கு போன் போட்டு, 'சொட்டு நின்னுச்சா வதினா' என்று கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

தூங்குகிற மகளை லேசாகத் தட்டி, "நான் கிளம்பறேன்டி. வெந்நீர் போட்டிருக்குது. குழந்தை எழுந்ததும் குளிப்பாட்டிடு" என்றேன். தூக்கத்திலேயே தலையை ஆட்டி, எழுந்து வந்து கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள்.

ரயில் பாதி வழியில் பாகாலாவை நெருங்கும்போது இவர் போன் செய்தார். இன்ன இடம் வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு, பெருமை தாங்காமல் நானே ஆரம்பித்தேன்.

"உங்க வேலையை நான் முடிச்சிட்டு வந்துட்டேன் தெரியுமா? பிரியா வீட்டுக் கீசர் ஒழுகினு இருந்துச்சு. எண்ட் பிளக் போட்டு இறுக்கிட்டேன். ஒரு சொட்டு இல்ல இப்போ."

"எந்த இடத்துல போட்ட?" குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"அதான், கீழ பித்தளையா இருக்குதே, அதுல."

"கீசர் ஓடுதா?"

"போட்டுட்டுத்தான் வந்தேன். காலைல இருந்தே ஓடுது. ஆனா சிவப்பு விளக்கு அணையவே இல்லைங்க. குழாயைத் திறந்தா தண்ணியோட ஆவியும் புஸ்ஸு புஸ்ஸுன்னு வருது. உள்ள கடகடன்னு சத்தம் வேற. பழைய கீசர்னாலும் நல்லாத்தான் சூடு பண்ணுது."

"ஜெயா, சூடானா தானா நிறுத்தற தெர்மோஸ்டாட் போயிடுச்சு. அது நிக்காம கொதிச்சிக்கினே இருக்குது. வெளிய வர்ற வழியை நீ அடைச்சிட்ட. உடனே பிரியாவுக்கு போன் போடு. கரண்ட் மெயினை ஆஃப் பண்ணச் சொல்லு. புள்ளையைத் தூக்கிக்கினு தெருவுக்குப் போகச் சொல்லு. பாத்ரூமுக்குள்ள மட்டும் போகவே கூடாது. நான் கிளம்பறேன்."

போன் கட்டாகிவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதிர்ச் சுவரில் விழுந்து கிடந்த அந்தக் கதவு, நான் பார்க்கவே பார்க்காத அந்தக் கதவு, என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

பிரியாவுக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. குழந்தை தூங்கும்போது போனைச் சத்தமில்லாமல் வைத்துவிடுவாள். அது எனக்குத் தெரியும், தெரிந்தும் திரும்பத் திரும்பப் போட்டேன். துர்காதேவிக்குப் போட்டேன், கடைத்தெரு இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. மாப்பிள்ளையின் போன் அணைத்திருப்பதாக ஒரு பொம்பளை தெலுங்கில் சொன்னாள். அந்தத் தெருவில் வேறு யாருடைய நம்பரும் என்னிடம் இல்லை. இரண்டு வருஷமாகப் போய் வருகிற தெரு, பக்கத்து வீட்டுக்காரி பெயர்கூட எனக்குத் தெரியாது.

பாகாலாவில் ரயில் நிற்பதற்குள் படிக்கட்டில் வந்து நின்றுவிட்டேன். பையை ரயிலிலேயே விட்டுவிட்டேன் என்பது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது. போனால் போகட்டும். சித்தூர் பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம், எல்லார் கையிலும் பூவும் வாழைக்கன்றும். கண்டக்டரிடம், "கொஞ்சம் வேகமாப் போகச் சொல்லுப்பா, என் பொண்ணு வீட்ல..." என்று ஆரம்பித்தேன். என்ன சொல்வது? என் பொண்ணு வீட்டில் நான் குண்டு வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்றா சொல்வது? அழுகைதான் வந்தது. யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்து ஒரு பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள்.

இவருக்கு போன் போட்டேன். முதலில் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். அப்புறம் எடுக்கவே இல்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். திருப்பதியிலிருந்து சித்தூர் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. நான் போய்ச் சேர முக்கால் மணி நேரம். குழந்தை எந்த நிமிஷமும் விழித்துக்கொள்ளும். விழித்தால் குளிப்பாட்டப் போவாள். எழுந்ததும் குளிப்பாட்டு என்று சொன்னதும் நான்தானே? பிரியா காலை நீட்டிக் குழந்தையைக் காலில் போட்டுக்கொண்டு அந்தக் கீசருக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பது மாதிரி தோன்றிக்கொண்டே இருந்தது. கண்ணை மூடினாலும் அதுதான், திறந்தாலும் அதுதான்.

ஏழுமலையானே, எடுத்துக்கொள்வதென்றால் என்னை எடுத்துக்கொள், அவர்களை விட்டுவிடு என்று வாய்விட்டே வேண்டினேன். பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினெட்டுத் தடவை பிரியாவுக்கு போன் போட்டிருக்கிறேன். பிறகு பார்த்தபோதுதான் எண்ணிக்கை தெரிந்தது.

சித்தூரில் இறங்கி ஆட்டோ பிடித்துத் தெருமுனைக்கு வந்தால், தெரு முழுக்கப் பொம்பளைகள் வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். நடந்துவிட்டது, எல்லாம் முடிந்துவிட்டது, அதைத்தான் வேடிக்கை பார்க்கிறார்கள் என்றே நினைத்தேன். ஆட்டோவிலிருந்து இறங்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அப்போது ஒருத்தி விசிறியால் வீசிக்கொண்டே, "முக்கால் மணி நேரமாச்சு கரண்ட் போயி. விரதத்துக்கு அரைக்கணும்னு பாத்தா, இன்னிக்கா கட் பண்ணணும்?" என்று இன்னொருத்தியிடம் திட்டிக்கொண்டிருந்தாள்.

கரண்ட் இல்லையா! நான் ஓடினேன். கதவை இரண்டு கையாலும் இடித்தேன். பிரியா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து திறந்தாள்.

"இன்னாம்மா இது, ரயில விட்டுட்டியா? இப்படிக் கதவை இடிக்கிற? ஃபேன் இல்லாம இவ எழுந்துட்டா, சரி குளிப்பாட்டலாம்னு..."

நான் அவளைப் பேசவிடவில்லை. குழந்தையோடு சேர்த்து அவளை இழுத்துக்கொண்டு போய் எதிர்வீட்டு வாசலில் நிறுத்தினேன். "இங்கேயே நில்லு. நகர்ந்த, கொன்னுடுவேன்" என்றேன். அவள் பயந்துபோய் என் முகத்தையே பார்த்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இப்போது கரண்ட் இல்லை. ஆனால் எந்த நிமிஷமும் வரலாம். வந்தால் அந்தக் கீசர் மறுபடியும் ஓட ஆரம்பிக்கும். மெயின் ஸ்விட்ச் வீட்டுக்குள்ளே, குளியலறைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிறது. யாரையாவது அனுப்பலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், நினைத்தேன். பிறகு நானே உள்ளே போனேன்.

பதினைந்து அடி இருக்கும் அந்தக் கூடம். மூடியிருந்த குளியலறைக் கதவுக்குப் பின்னால் டிக், டிக் என்று இரும்பு முறுக்கிக்கொள்கிற சத்தம். அதோடு புஸ்ஸென்று எங்கேயோ ஆவி சீறிக்கொண்டிருந்தது. கதவின் கீழ் இடுக்கு வழியாக வெந்நீர் வந்து என் காலில் பட்டது. சுட்டது. சுவரில் கையை ஊன்றிக்கொண்டே போய், பெட்டியைத் திறந்து, எது எது என்று பார்க்காமல் எல்லா ஸ்விட்சையும் கீழே தள்ளினேன். ஓடி வந்து தெருவில் விழுந்தேன். உட்காரவில்லை, விழுந்தேன்.

பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. தெரு முழுக்க ஒரே சத்தம். டிவிகள் ஓடின, மிக்ஸிகள் அரைத்தன. கரண்ட் வந்துவிட்டது. எங்கள் பெண் வீடு மட்டும் சத்தமில்லாமல் நின்றது.

அந்தக் கரண்ட் கட்டைப் பற்றி இவர் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். என்னோடு பேசி முடித்ததும், சித்தூரில் ஒரு சப்ஸ்டேஷனில் வேலை பார்க்கும் கிருஷ்ணப்பா என்பவருக்கு போன் செய்திருக்கிறார். ஒரு காலத்தில் அவர் வீட்டுக்குக் குழாய் வேலை செய்த பழக்கம். "இடத்தை விட்டு நகர முடியாது அப்பாவு, ஆளை அனுப்ப முடியாது" என்றாராம் அவர். "நீ நகர வேணாம் சாமி, அந்த ஏரியாவை மட்டும் அணைச்சிடு. உள்ள என் பேத்தி இருக்கா" என்று இவர் கதறியிருக்கிறார். ஒரு மணி நேரத்துக்கு மேல் என் கையில் இல்லை என்று சொல்லி, அந்தப் புண்ணியவான் அணைத்துவிட்டார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

இவர் வண்டியில் வந்து இறங்கியபோது முகமெல்லாம் தூசி. குழந்தையை வாங்கித் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார். அப்புறம் யாரையும் வீட்டுக்குள் விடாமல், வாசலிலேயே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். நன்றாக ஆறிய பிறகுதான் உள்ளே போய் நான் போட்ட மூடியைக் கழற்றினார். கீசரின் வயிறு ஒரு பக்கம் உப்பியிருந்தது. ஒரு குழாய் இணைப்பு பிளந்து, அந்த வழியாகக் கொஞ்சம் ஆவி போனதால்தான் இவ்வளவு நேரம் தாங்கியது என்றார். இன்னொரு அரை மணி நேரம் ஓடியிருந்தால் சுவரே இருந்திருக்காது என்றும் சொன்னார்.

அதற்குள் துர்காதேவியும் மாப்பிள்ளையும் வந்துவிட்டார்கள். துர்காதேவி அந்த மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"யாரு இதைப் போட்டது? நேத்து ராத்திரி இது இல்லையே."

அவர் பார்வை என் பக்கம் திரும்பியது.

"நான்தாம்மா போடச் சொன்னேன்" என்றார் இவர். "காலைல போன்ல கேட்டா. பிளக் போட்டு இறுக்கிடுன்னு நான்தான் சொன்னேன். ஏதோ ஞாபகத்துல சொல்லிட்டேன். அவளுக்கு இன்னா தெரியும்?"

முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் பயத்தைப் பாடம் எடுத்த மனுஷன், நாலு பேர் முன்னால், தன் வாயாலேயே தன் தொழிலில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

துர்காதேவி கத்தியிருந்தால்கூடத் தேவலை. "உங்களை நம்பித்தானேண்ணா இந்த வீட்ல எல்லாத்தையும் வுட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும்போது, வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"என்னைக் கூப்புட வேற வீடு இருக்குது ஜெயா. நீதான் பண்ணினன்னு தெரிஞ்சா, உன் கைல அந்தப் புள்ளையைக் கொடுப்பாங்களா?"

அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு பாகாலா வரைக்கும் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் புதுக் கீசர் மாட்டினார்கள். நாங்களும் போயிருந்தோம். மாட்டியது சித்தூர்க்கார வேறொரு பிளம்பர். இவர் பழக்கதோஷத்தில் எழுந்து போய், "தம்பி, அந்தச் சேஃப்டி வால்வை ஒரு தபா..." என்று ஆரம்பித்தார். மாப்பிள்ளை அவர் தோளைத் தொட்டு, "மாமா, நீங்க உக்காருங்க. அவர் பாத்துக்குவாரு" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். இவரும் சரி சரி என்று வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார். உள்ளே கீசரைப் போட்டுப் பார்க்கிற சத்தம் கேட்டபோது அவர் உடம்பு குலுங்கியது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. போய்க் காது வைத்துக் கேட்க அவருக்கு இனி அந்த வீட்டில் உரிமையில்லை.

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கமில்லை. அன்றைக்குப் பஸ்ஸில் பட்ட பயம் ஒரு மாதிரி என்றால், இது வேறு மாதிரி. சொன்னால் பேத்தி இல்லை. சொல்லாவிட்டால், இந்த மனுஷன் சாகும்வரை அந்த வீட்டு நாற்காலியில் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அடுத்த வியாழக்கிழமை, அவர் வேலைக்குப் போனதும், சொல்லாமல் கொள்ளாமல் சித்தூருக்கு பஸ் ஏறினேன்.

துர்காதேவி சிரித்த முகமாக வரவேற்று, குழந்தையை என் மடியில் போட்டார். அது என் விரலைப் பிடித்துக்கொண்டது. காபி குடித்தேன். பேச்சு எங்கெங்கோ போனது. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

"வதினா" என்றேன். "அவர் ஒண்ணும் சொல்லல. சொட்டு நிக்கட்டும்னு நானாத்தான் அடைச்சேன். விஷயம் தெரிஞ்சு கரண்ட்டை நிறுத்தினவரு அவரு. எனக்காகப் பழியைத் தலைமேல போட்டுக்கினாரு."

பிரியா சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். துர்காதேவி என்னையே பார்த்தார். குனிந்து, என் விரலிலிருந்து குழந்தையின் கையை மெதுவாக விடுவித்து, அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மடி வெறுமையாக அந்தச் சோபாவில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது.

பஸ் ஸ்டாண்டிலிருந்து இவருக்கு போன் செய்தேன்.

"நான் சித்தூர்ல இருக்கறேங்க. அவங்ககிட்ட சொல்லிட்டேன்."

அவருக்குப் புரிந்துவிட்டது.

"உன் கைல இருந்து புள்ளைய வாங்கிக்கினாங்களா?" என்று கேட்டார்.

"வாங்கிக்கினாங்க."

"சரி, அழாத. பஸ் ஏறு" என்றார். "நான் ஸ்டாண்டுக்கு வந்து நிக்கறேன்."